எடை குறைகிறது, சரி. எலும்பு?

"நான்தான் தினமும் வாக்கிங் போறேனே மேடம், அப்புறம் எப்படி எலும்பு உடைஞ்சுது?"

மாவுக்கட்டு பிரித்த கையோடு யாராவது ஒருவர் இப்படிக் கேட்காமல் என் பிசியோதெரபி கிளினிக்கில் ஒரு மாதம்கூடக் கழிவதில்லை. கடைசியாகக் கேட்டவர் 64 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை. சர்க்கரைக்கும் மூட்டுவலிக்கும் எடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவரும் சிரத்தையாகக் குறைத்தார். இரவுச் சாப்பாட்டுக்குப் பதில் பப்பாளி, காலையில் முக்கால் மணி நேரம் நடை. 8 மாதத்தில் 11 கிலோ இறங்கியது, சர்க்கரையும் கட்டுக்குள் வந்தது. வாசல் தெளித்த ஈரத்தில் வழுக்கி, கையை ஊன்றியதில் மணிக்கட்டு போய்விட்டது. நின்ற இடத்திலிருந்து விழுந்து எலும்பு உடைகிறதென்றால் எலும்பைச் சந்தேகப்பட வேண்டும். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தால் இடுப்பில் டி ஸ்கோர் (இளம் வயது எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்) −2.7. −2.5-ஐத் தொட்டாலே ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு பலவீனமாகி எளிதில் முறியும் நோய்.

எடை குறைப்பதற்கு முன்பு எடுத்த ஸ்கேன் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. மாதவிடாய் நின்றதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது எவ்வளவு, இந்த 8 மாதத்தில் போனது எவ்வளவு என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

உடனே "அப்போ எடையே குறைக்க வேண்டாமா?" என்று ஆரம்பிக்காதீர்கள். குறைக்க வேண்டியவர்கள் குறைக்கத்தான் வேண்டும். முழங்காலுக்கும் சர்க்கரைக்கும் அதனால் கிடைக்கும் நன்மையை நான் தினமும் பார்க்கிறேன். ஆனால் உடம்பு இளைக்கும்போது கொழுப்பு மட்டும் கழன்று போவதில்லை. தசையும் போகும், எலும்பும் போகும். இளம் வயதில் அதைத் தாங்கிக்கொள்ளலாம். 60-க்கு மேல் கையிருப்பே குறைவு. இன்னொன்று, விட்ட எடை திரும்ப ஏறினாலும் போன எலும்பு அப்படியே திரும்பி வருவதில்லை. வருடத்துக்கு ஒரு தடவை டயட் இருந்து, இறக்கி, ஏற்றி, மறுபடி இறக்குகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இப்போது வாக்கிங் விஷயத்துக்கு வருகிறேன். என் பொறுமையைச் சோதிப்பது இதுதான்.

நடை நல்லது. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் தூக்கத்துக்கும் மனசுக்கும் நல்லது. யாரும் நிறுத்த வேண்டாம். ஆனால் எடை குறைக்கும் காலத்தில் எலும்பைக் காப்பாற்ற நடை மட்டும் போதாது. எலும்பு புதிய சுமைக்குத்தான் பதில் சொல்லும். 60 வருடமாக நடந்து பழகிய இடுப்பெலும்புக்கு இன்னும் 2,000 ஸ்டெப்ஸ் நடப்பது ஒரு செய்தியே இல்லை. மணிக்கட்டுக்கும் முதுகெலும்புக்கும் நடையால் கிடைப்பது அதைவிடக் குறைவு. மொட்டை மாடியில் எட்டு போட்டு நடந்தாலும், பூங்காவில் வட்டமடித்தாலும், போனில் 10,000 ஸ்டெப்ஸ் காட்டினாலும் இதுதான் நிலை. அதோடு, எடை குறையக் குறைய நடக்கும்போது எலும்பு தாங்கும் பாரமும் குறைந்துகொண்டே போகிறது. முன்பு 78 கிலோவைச் சுமந்த இடுப்பு இப்போது 67 கிலோவைச் சுமக்கிறது. நடை அதே நடைதான், எலும்புக்கு வேலைதான் குறைந்துவிட்டது. நீச்சலும் சைக்கிளும் இந்த ஒரு விஷயத்தில் நடையைவிட மோசம்.

நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதனால் ஒரு ஆய்வைச் சொல்கிறேன். 2017-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வந்தது. 65 வயதைக் கடந்த, உடல் பருமன் உள்ள 160 பேர், 6 மாதம். உடற்பயிற்சிக் குழுக்கள் மூன்றுக்கும் டயட் உண்டு, மூன்றிலும் எடை ஏறக்குறைய 9 சதவீதம் குறைந்தது. வித்தியாசம் பயிற்சியில் மட்டும்தான். டிரெட்மில், சைக்கிள் போன்ற ஏரோபிக் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு இடுப்பு எலும்பு அடர்த்தி 3 சதவீதம் குறைந்தது. எடைப் பயிற்சி செய்தவர்களுக்கு அரை சதவீதம்தான். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு 1 சதவீதம். அந்த இரண்டும் சேர்ந்த குழுதான் நடமாட்டத்திலும் உடல் செயல்பாட்டிலும் அதிகம் முன்னேறியது. ஆகவே வாக்கிங்கை விட்டுவிட்டு வெயிட் தூக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. வாக்கிங்கோடு வெயிட்டும் தூக்குங்கள்.

எல்லா ஆய்வும் இப்படி இனிப்பாக வரவில்லை. 2025-இல் அமெரிக்காவில் வெளியான ஒன்றில் 150 முதியவர்கள் ஒரு வருடம் எடை குறைத்தார்கள். சிலர் எடை வைத்த ஜாக்கெட் போட்டார்கள், சிலர் எடைப் பயிற்சி செய்தார்கள். இரண்டுமே இடுப்பு எலும்பு இழப்பைத் தடுக்கவில்லை. அதனால் பயிற்சி எலும்பை முழுசாகக் காப்பாற்றிவிடும் என்று நான் யாருக்கும் சத்தியம் செய்து தருவதில்லை. ஆனாலும் ஏன் விடாமல் சொல்கிறேன்? தசை மிஞ்சும். கால் தடுக்கினால் சமாளித்து நிற்கும் பலம் மிஞ்சும். விழாதவருக்கு எலும்பு முறியும் வாய்ப்பும் குறைவு.

"இந்த வயசுல வெயிட்டா?" என்று கேட்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். 40 வருடம் இடுப்பில் தண்ணீர்க் குடம் சுமந்தீர்களே, அது என்ன? அரிசி மூட்டையை இழுத்து வைத்தீர்களே? அதெல்லாம் செய்த உடம்பு, 3 கிலோ டம்பெல்லைப் பார்த்து ஏன் பயப்படுகிறது? குழாயும் மிக்சியும் வந்த பிறகு நாம் எதையும் தூக்குவதில்லை, அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவில் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில், மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் வாரம் 2 முறை, அரை மணி நேரம், நிஜமாகவே கனமான எடைகளைத் தூக்கினார்கள். 8 மாதத்தில் அவர்களுடைய கீழ்முதுகு எலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்த மற்ற பிரிவினருக்குக் குறைந்தது. இதைப் படித்ததும் யூடியூப் பார்த்துத் தூக்க ஆரம்பித்துவிடாதீர்கள். பயிற்சியாளர் பக்கத்திலேயே நின்று, படிப்படியாக ஏற்றியது அது.

எங்கள் துறைக்காரர்களையும் கொஞ்சம் திட்ட வேண்டும். அரைக் கிலோ டம்பெல்லைக் கொடுத்து ஆறு மாதமும் அதையே ஆட்டச் சொல்கிறோம். நோயாளிகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. "எக்ஸசைஸ் வேண்டாம் மேடம், கரண்ட் மட்டும் வெச்சு விடுங்க" என்பார்கள். கரண்ட் சிகிச்சை வலிக்கு. அதனால் எலும்பு வளராது.

சரி, என்ன செய்ய வேண்டும்?

டயட்டைத் தொடங்கும் முன்பே பயிற்சியைத் தொடங்குங்கள், அல்லது கூடவே தொடங்குங்கள். 10 கிலோ குறைந்த பிறகு வந்து கேட்காதீர்கள். வாரம் 2 அல்லது 3 நாள் போதும். கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, படியில் ஏறி இறங்குவது, குதிகாலைத் தூக்கி நிற்பது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, எடையைத் தரையிலிருந்து முறையாகத் தூக்குவது. 8 முதல் 12 முறைக்குள் கடைசி இரண்டு கஷ்டமாக இருக்க வேண்டும். 20 முறை செய்தும் சிரித்துப் பேச முடிகிறதென்றால் எடை போதவில்லை. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கப் பழகுங்கள். குக்கர் விசில் வரும் நேரத்தில் செய்துவிடலாம். பிபி கட்டுக்குள் இல்லாதவர்கள், இதயப் பிரச்சினை உள்ளவர்கள், ஏற்கெனவே எலும்பு முறிந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். மூச்சை அடக்கித் தூக்கவே கூடாது.

முதுகெலும்பு பலவீனம் என்று தெரிந்தவர்கள் முன்னால் குனியும் பயிற்சிகளை நிறுத்துங்கள். பாதஹஸ்தாசனம், பச்சிமோத்தாசனம், வயிறு குறைய எழுந்து உட்காருவது எல்லாம் இதில் சேரும். முதுகெலும்பு ஆஸ்டியோபோரோசிஸ் உள்ள பெண்களை வைத்து அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை 1984-லேயே வெளியிட்ட ஆய்வில், குனியும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்கு முதுகெலும்பில் புதிதாக முறிவு வந்திருந்தது. நிமிரும் பயிற்சி செய்தவர்களுக்கு 16 சதவீதம்தான். 40 வருடம் ஆகியும் காலை யோகா வகுப்புகளுக்கு இந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

சாப்பாட்டைக் குறைக்கலாம், புரதத்தைக் குறைக்கக் கூடாது. சிறுநீரகப் பிரச்சினை இல்லாத முதியவருக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும். 60 கிலோ என்றால் 60 முதல் 72 கிராம். இரண்டு இட்லியில் கிடைப்பது 4, 5 கிராம்தான். முட்டையோ மீனோ பருப்போ சுண்டலோ தயிரோ, ஒவ்வொரு வேளையும் ஏதாவது இருக்கட்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஒரு நாளுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் என்பது நம் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கணக்கு. பாலையும் ராகியையும் டயட் என்ற பெயரில் நிறுத்தாதீர்கள். இப்போது எடை குறைக்க வாரம் ஒரு ஊசி போட்டுக்கொள்கிறவர்களும் வருகிறார்கள். பசியே இல்லாமல் மளமளவென்று எடை இறங்கும்போது புரதமும் பயிற்சியும் இரண்டு மடங்கு முக்கியம்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். அம்மாவுக்கு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்து தினமும் ஸ்டெப்ஸ் கேட்கிறீர்கள், சந்தோஷம். இந்த வாரம் எத்தனை முறை வெயிட் தூக்கினாய் என்றும் கேளுங்கள். குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி பொருத்திக் கொடுங்கள்.

ஸ்கேன் பற்றிக் கேட்பவர்களுக்கு: இலவச முகாமில் குதிகாலை மெஷினில் வைத்து எடுக்கும் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இடுப்புக்கும் முதுகுக்கும் டெக்ஸா எடுங்கள், முடிந்தால் எடை குறைக்கத் தொடங்கும் முன்பே. மூன்று மாதத்தில் திரும்ப எடுத்தால் ஒன்றும் தெரியாது, ஒரு வருடமாவது ஆகட்டும். அதே சென்டரில், அதே மெஷினில் எடுங்கள். பழைய ரிப்போர்ட்டை மறக்காமல் கொண்டு வாருங்கள்.