நிறுத்தி வச்சிருக்க சைக்கிளோட சீட்டைக் கொஞ்சம் பாருங்க

நான் பிசியோதெரபிஸ்ட். ரோட்ல சைக்கிள் கண்ணுல பட்டா போட்டோ எடுக்குற பழக்கம் ரொம்ப வருஷமா இருக்கு. முதல்ல அழகுக்காகத்தான், செவுத்துல சாஞ்சு நிக்கிறது, ஸ்போக்ஸ் நிழல் தரைல விழுறது இப்படி. முட்டி வலின்னு வர்றவங்கள நிறைய பார்த்ததுக்கு அப்புறம் கண்ணு நேரா சீட்டுக்குத்தான் போகுது.

நான் எடுத்த போட்டோவுல முக்காவாசி சைக்கிள்ல சீட்டு அடியோட இறங்கி இருக்கு. சீட்டுக் கம்பியைச் சுத்தி, அதை இறுக்கிப் பிடிக்குற கிளாம்ப் கிட்ட துரு பிடிச்சிருக்கும், வாங்கின நாள்லேர்ந்து யாரும் அதை ஏத்தி இறக்கினதே இல்ல. ஏன்னு கேட்டா, சிக்னல்ல உக்காந்தபடியே ரெண்டு காலும் தரைல ஊனணும்ங்கிறாங்க. ஆனா ஓட்டுறப்ப முட்டி அளவுக்கு மீறி மடங்குது, ஒவ்வொரு மிதிக்கும் முட்டிச்சில்லு தொடை எலும்பு மேல அழுந்துது, அப்புறம் முட்டிக்கு முன்பக்கம் வலி.

பெரிய முன்சக்கரம் வச்ச அந்தக் காலத்து சைக்கிள்ல பெடல் அந்தச் சக்கரத்துலயே இருந்ததால, கால் நீளத்துக்குத் தகுந்த மாதிரி சக்கரத்தையே தேர்ந்தெடுக்கணும். 1885ல ஜான் கெம்ப் ஸ்டார்லி செயின் வச்ச ரோவர் சைக்கிளைக் கொண்டு வந்தப்புறம் அந்தக் கட்டாயம் போச்சு, இப்ப ஒரு போல்ட்டை லூஸ் பண்ணாலே போதும். அதைக் கூட செய்ய மாட்டேங்குறோமேன்னுதான் எனக்கு ஆதங்கம்.

ஒருத்தர் ஆறு மாசமா நீ-கேப் போட்டுக்கிட்டு வந்தாரு. பேச்சுவாக்குல சைக்கிள் ஓட்டுற போட்டோவைக் காட்டினாரு, பையன் எடுத்ததாம். பெடல் அடியில இருக்கு, அப்பவும் முட்டி நல்லா மடங்கியிருக்கு. அந்த இடத்துல, கால் நேரா இருக்குறதை பூஜ்யம்னு வச்சா, 25லேர்ந்து 35 டிகிரி மடங்கினா போதும். இதைப் போட்டோவுல பார்க்கணும்னா பக்கவாட்டுல நேரா நின்னு, போனை பெடல் அச்சு உயரத்துக்கு இறக்கி, கொஞ்சம் தள்ளி நின்னு பர்ஸ்ட் மோடுல, அதாவது தொடர்ச்சியா பல போட்டோவா எடுங்க, கிட்டப் போனா கோணம் ஏமாத்தும். தெரியாதவங்கள எடுக்குறதா இருந்தா கேட்டுட்டு எடுங்க, முகம் வேண்டாம்.

போட்டோ இல்லாமலும் பார்க்கலாம். செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு சீட்ல உக்காந்து குதிகாலை அடியில இருக்குற பெடல்ல வைங்க, கால் நேரா நீளணும். ஒரேயடியா ஏத்தாதீங்க, அரை சென்டிமீட்டரா ஏத்தி சில நாள் ஓட்டிப் பாருங்க. இடுப்பு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடினா ஓவரா ஏத்திட்டீங்கன்னு அர்த்தம், அப்ப முட்டிக்குப் பின்னாடி வலிக்கும். இதுக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு சீட்டுக் கம்பில போட்டிருக்க கோடு வெளிய தெரியவே கூடாது. சிக்னல்ல சீட்டை விட்டு முன்னாடி இறங்கி நில்லுங்க, பழகிடும். பேலன்ஸ் பயம் இருக்குறவங்க, வயசானவங்க சீட்டு தாழ்வாவே இருக்கட்டும், விழாம இருக்குறது முக்கியம். முட்டி வீங்கியிருந்தா முதல்ல டாக்டர்கிட்ட போங்க.

அந்த நீ-கேப் போட்டவரு ரெண்டு மாசம் கழிச்சு வந்தப்ப பழைய போட்டோவையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தோம், துருவுக்குக் கீழ நாலு விரல் அளவுக்குக் கம்பி பளபளன்னு வெளிய தெரிஞ்சுது.