கியர் பாக்ஸ் கத்தினால் ஆயிலைக் குறை சொல்லலாமா?

1920களில் வந்த காரில் கியர் கத்த ஆரம்பித்தால், பலரும் கெட்டியான ஆயில் தேடி பெங்களூரு ஜே.சி. ரோடுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். முதலில் பழைய ஆயிலை வடித்துப் பாருங்கள்.

சிவாஜிநகரில் எனக்குத் தெரிந்த மேஸ்திரி, வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றி, அடியில் தங்கும் தூளின்மேல் காந்தத்தைக் காட்டுவார். ஒட்டிக்கொண்டால் எஃகு, பல் தேய்கிறது. ஒட்டாமல் மஞ்சளாக மினுங்கினால் வெண்கலம். புஷ், அதாவது தண்டைத் தாங்கும் வளையம், தேய்கிறது. வார்ம் ஆக்சில் (திருகு போன்ற தண்டு பல்சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சில்) என்றால் அதன் சக்கரமாகவும் இருக்கலாம். ஆயில் வெளுத்துக் கலங்கியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. "சத்தத்த நம்பாத தம்பி, தூளப் பாரு" என்பார் பையனிடம்.

அப்புறம் பல்லைப் பார்க்க வேண்டும். பக்கவாட்டு ஓரம் மழுங்கியிருந்தால் ஆயில்மேல் பழி போடாதீர்கள். 1928இல் காடிலாக் சிங்க்ரோமெஷைக் (கியர் சேரும் முன் வேகத்தைச் சமமாக்கும் அமைப்பை) கொண்டுவரும் வரை, சுழலும் சக்கரங்களை ஒன்றோடொன்று நேராகத் தள்ளித்தான் கியர் மாற்றினார்கள். நடுவே நியூட்ரலில் விட்டு, கிளட்சை இரண்டு முறை மிதித்து மாற்றும் டபுள் கிளட்ச் பழகினால் இந்தத் தேய்மானம் வெகுவாகக் குறையும். பல்லின் நடுவில் சிறு குழிகள் என்றால், ஓயாத அழுத்தத்தில் உலோகம் சோர்ந்து உதிர்ந்திருக்கிறது. நுனியிலும் அடியிலும் கீறல் என்றால்தான் ஆயில் விஷயம். பற்கள் அதிகம் வழுக்கி உரசுவது அங்கேதான். நடுவே இருக்கவேண்டிய ஆயில் படலம் அங்கே அறுந்திருக்கிறது.

ஒழுகுகிறதே என்று பாக்ஸ் நிறையக் கெட்டி கிரீஸை அடைப்பதும் ஒரு காரணம். சுழலும் சக்கரம் கிரீஸில் தனக்கென ஒரு பள்ளம் வெட்டிக்கொள்ளும். கிரீஸ் திரும்ப வழிந்து வராது. சுற்றிலும் கிரீஸ் இருக்க, பல் காய்ந்து ஓடும்.

இன்னொரு ஆபத்து, நல்லது என்று நம்பி ஊற்றும் இன்றைய ஆயில். 1926இல் பேக்கார்டு பின் ஆக்சிலில் கொண்டுவந்த ஹைபாய்டு பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி ஓடுபவை, உரசல் மிக அதிகம். அதற்காகவே ஆயிலில் கந்தகச் சேர்மங்களைக் கலக்கத் தொடங்கினார்கள். படலம் அறுந்து பல் சூடேறும் இடத்தில் கந்தகம் எஃகோடு வினைபுரிந்து மெல்லிய பூச்சாகிறது. பல்லுக்குப் பதில் அது தேய்கிறது. எஃகுக்கு இது காவல். ஆனால் வீரியமான கந்தகம் வெண்கலத்திலுள்ள செம்பை அரிக்கும், சூட்டில் இன்னும் வேகமாக. அதனால் வெண்கல பாகம் உள்ள வண்டிக்கு ஜிஎல்-5 (இத்தகைய சேர்மங்கள் அதிகமுள்ள கியர் ஆயில் தரம்) வேண்டாம். வெண்கலத்துக்குப் பாதுகாப்பானது என்று டப்பாவில் இருக்கிறதா பாருங்கள். கெட்டித்தன்மைக்கு வண்டியின் கையேட்டைப் பாருங்கள்.

புது ஆயில் ஊற்றிச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் மறுபடி கொஞ்சம் வடித்து, அதே காந்தத்தைக் காட்டிப் பாருங்கள்.