பெட்டி அடிக்கும்போது ஓம் பாருங்கள்

பழைய ஹோம் தியேட்டரையோ கார் செற்றையோ பிரித்து, கழற்றிய ஸ்பீக்கர்களுக்குப் பிளைவூட்டில் பெட்டி அடிப்பவர்கள் வன்னியில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் பார்ப்பது வாட்ஸ். காந்தத்தின் பின்னால் அதைத்தான் பெரிதாக அச்சடித்திருக்கும். ஆனால் அம்ப்பை (அம்ப்ளிஃபயரை) சுடுவது பக்கத்தில் சின்னதாக இருக்கும் ஓம், அதாவது கரண்ட்டை ஸ்பீக்கர் எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு.

அம்ப் கொடுப்பது வோல்ட். எவ்வளவு கரண்ட் ஓடும் என்பதை ஸ்பீக்கர்தான் தீர்மானிக்கிறது. ஓம் குறைவது குளத்துத் துருசை அகலத் திறப்பது மாதிரி. 20 வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கர் 2.5 அம்பியர் இழுக்கும். அது 50 வாட்ஸ். 4 ஓம் என்றால் 5 அம்பியர், 100 வாட்ஸ். திருவிழா வருகிறதென்று 8 ஓம் பெட்டிகள் நாலைப் பரலலாக (ஒவ்வொன்றையும் நேரே அம்ப்புக்கு) போட்டால் மொத்தம் 2 ஓம்தான். அம்ப் 10 அம்பியர் தர வேண்டும். சூட்டை வெளியேற்றும் ஹீற்சிங்கில் கை வைக்க முடியாது. அப்புறம் அவுட்புட் ட்ரான்சிஸ்டர் போய்விடும். அதே நாலையும் இரண்டிரண்டாகச் சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) கட்டி, அந்த இரு சோடிகளையும் பரலலாக இணைத்தால் திரும்ப 8 ஓம்.

அம்ப்பின் ஓமும் ஸ்பீக்கரின் ஓமும் சரிசமமாக இருக்க வேண்டும் என்பார்கள். அது வால்வு அம்ப் காலத்துப் பேச்சு. ட்ரான்சிஸ்டர் அம்ப்பின் சொந்த அவுட்புட் இம்பீடன்ஸ் (பாட்டுச் சிக்னலுக்கு இருக்கும் தடை) ஒரு ஓம்கூட வராது. அம்ப்பின் பின்னால் ‘4–8’ என்று போட்டிருந்தால், 4க்குக் கீழே இறங்காதே என்று அர்த்தம். 16 ஓம் போட்டால் ஒன்றும் ஆகாது. 8 ஓமில் வரும் வாட்ஸில் பாதிதான் வரும், அவ்வளவுதான்.

லேபிள் கிழிந்த ஸ்பீக்கரா? மீற்றரை வையுங்கள். 6 ஓம் அளவில் காட்டினால் அது 8 ஓம் ஸ்பீக்கர். மூன்று, மூன்றரை காட்டினால் 4 ஓம். மீற்றர் பார்ப்பது சுருள் கம்பியின் தடையை மட்டும். பாட்டு ஓடும்போது இம்பீடன்ஸ் ஒரே இடத்தில் நிற்காது: பெட்டிக்குள் கோன் (ஸ்பீக்கரின் கூம்பு) தானாக அதிரும் அலைவெண்ணில் 8 ஓம் ஊஃபர் (பேஸ் ஸ்பீக்கர்) 30 ஓமையும் தாண்டலாம்.

கார் ஸ்பீக்கர்கள் ஏன் பெரும்பாலும் 4 ஓம்? யுத்த காலத்தில் மின்சாரம் இல்லாமல் சைக்கிள் டைனமோவிலும் கார் பற்றரியிலும் பாட்டுக் கேட்ட வன்னிக்கு இது சுலபமாக விளங்கும். 12 வோல்ட்டில் ஓடும் சாதாரண அம்ப்பால் உச்சமாக 6 வோல்ட்தான் ஆட முடியும்; வாட்ஸ் கணக்குக்கு அது சுமார் 4.2 வோல்ட்டுக்குச் சமம். 8 ஓமில் 2 வாட்ஸ் சொச்சம்; 4 ஓமில் 4.5. வோல்ட்டைக் கூட்ட வழியில்லாதபோது ஓமைக் குறைக்கிறார்கள்.

வயரையும் மறக்கக் கூடாது. 1 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரை 100 மீற்றர் இழுத்தால், போகவர 3.4 ஓம். 8 ஓம் பெட்டிக்குப் போகும் சக்தியில் 30 சதவீதம் வழியிலேயே சூடாகிப் போகும். வற்றாப்பளைப் பொங்கல் போன்ற பெரிய கூட்டங்களுக்குத் தூரம் தூரமாக ஹோர்ன் கட்ட, அம்ப் 100 வோல்ட்டில் அனுப்பும் 100 வோல்ட் லைன் தோதுப்படுவது இதனால்தான்: வோல்ட் கூடினால் அதே வாட்ஸுக்குக் கரண்ட் குறையும், வயரில் வீணாவதும் குறையும். ஒவ்வொரு ஹோர்னிலும் அந்த வோல்ட்டைக் குறைக்க ஒரு ட்ரான்ஸ்ஃபோமர் இருக்கும். 10 வாட்ஸ் ஹோர்ன் லைனுக்கு 1000 ஓமாகத் தெரியும். 100 வாட்ஸ் அம்ப்பில் பத்து ஹோர்ன் தாராளம். அந்த லைனில் வீட்டுப் பெட்டியை நேரே கொளுவிவிடாதீர்கள். 8 ஓமுக்கு 100 வோல்ட் என்றால் கணக்குப்படி 1250 வாட்ஸ். பெட்டி, அம்ப் இரண்டில் ஒன்று புகையும்.