"ஃபுல் ஸ்க்ரீன்லதான எடுத்தேன், எப்படிண்ணே கட் ஆகும்?"

போன வாரம் ஒருவர் ஸ்டூடியோவுக்கு வந்தார். அப்பா தவறிப் பத்து நாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு 12x15 இன்ச் அளவில் படமும் ஃப்ரேமும் வேண்டும் என்று போனை நீட்டினார். பேத்தியின் காதுகுத்தில் எடுத்த படம். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து வாய் நிறையச் சிரிக்கிறார். ஆனால் இடது தோள் பாதிதான் இருக்கிறது. "தோள் இல்லையேப்பா" என்றேன். அப்போது அவர் கேட்டதைத்தான் தலைப்பில் போட்டிருக்கிறேன்.

இந்த மாதம் இதே கேள்வி மூன்றாவது தடவை. இனிமேல் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

போன் கேமராவில் படம் என்ன வடிவத்தில் வர வேண்டும் என்பதற்கு 4:3, 16:9, 1:1, ஃபுல் என்று ஒரு செட்டிங் இருக்கும். அதில் ஃபுல் என்றால் உங்கள் ஸ்க்ரீன் நிறைகிறது, அவ்வளவுதான். படம் அங்கே குறைகிறது. அநேகமாக எல்லாப் போன்களிலும் உள்ளே படத்தைப் பதிகிற சென்சார் 4:3 வடிவம், அதாவது ஒரு பக்கம் நாலு பங்கு என்றால் மறுபக்கம் மூன்று பங்கு. கேமராவிலும் அந்த 4:3-ஐ வைத்தால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருவதைப் பார்த்து, "படம் சின்னதா வருது" என்று மாற்றிவிடுகிறீர்கள். அந்தப் பட்டையில் படம் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. நீண்ட ஸ்க்ரீனை நிரப்புவதற்காக, கிடைத்த படத்தின் இரண்டு ஓரத்தையும் போன் நறுக்கிவிடுகிறது. கணக்காகவே பாருங்கள்: 12 மெகாபிக்சல் படம் 4:3-இல் 4000x3000. 16:9 வைத்தால் 4000x2250, கால்வாசி போச்சு. சதுரமாக 1:1 வைத்தாலும் கால்வாசி போச்சு. 20:9 ஸ்க்ரீன் உள்ள போனில் ஃபுல் வைத்தால் 4000x1800, நூற்றுக்கு நாற்பது போச்சு. போனை நிமிர்த்திப் பிடித்தால் இடமும் வலமும் போகும், படுக்கப் பிடித்தால் தலைப்பக்கமும் கால்பக்கமும் போகும்.

நம்பிக்கை வராவிட்டால் போனை ஒரு சொம்பில் சாய்த்து நிறுத்தி, 4:3-இல் சுவர்க் காலண்டர் ஓரமாகத் தெரிகிற மாதிரி வையுங்கள். அப்படியே ஃபுல்லுக்கு மாற்றுங்கள். காலண்டர் காணாமல் போகும். அவருக்கும் கல்லாப்பெட்டி மேல் போனை நிறுத்தி, ஃப்ரேம் ரேக் ஓரத்துக் கடிகாரத்தை வைத்து இதைத்தான் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்பாவின் தோள் லென்ஸுக்குள் வந்திருக்கிறது, போன்தான் தூக்கிப் போட்டிருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

பிரிண்ட் பேப்பரும் உங்கள் ஸ்க்ரீன் வடிவத்தில் வருவதில்லை. 4x6, 8x12, 12x18 எல்லாம் 3:2 கணக்கு. 8x10, 12x15 என்றால் 5:4. 4:3-இல் எடுத்த படத்தை 4x6-இல் போட்டால் ஒன்பதில் ஒரு பங்குதான் போகும். ஃபுல்லில் எடுத்ததை 12x15-இல் வெள்ளை விடாமல் போடச் சொன்னால், ஏற்கெனவே நறுக்கியது போக மிச்சம் இருப்பதிலும் கிட்டத்தட்ட பாதி போகும். அதற்கு மேல் ஃப்ரேம் கட்டையும் சுற்றிலும் கொஞ்சம் மறைக்கும். இதையெல்லாம் சொன்னால் "கடைக்காரர் தலையை வெட்டிட்டார்" என்று எங்கள் மேல் பழி!

அடுத்த கூத்து கேலரியில். முகம் பெரிசாகத் தெரியட்டும் என்று நெற்றிவரை இழுத்து க்ராப் பண்ணி, அசல் மேலேயே சேவ் செய்துவிடுகிறார்கள். தலைக்கு மேல் இரண்டு விரல் இடமாவது இல்லாவிட்டால் மாலை போட்டதும் பாதி முகம் பூவுக்குள் போய்விடும். சில போன்களில் பழையபடி திரும்பக் கொண்டுவரலாம், சிலவற்றில் முடியாது. காப்பியாக சேவ் பண்ணுங்கள், அசலைத் தொடாதீர்கள். வெட்டுகிற வேலையை எங்களிடம் விடுங்கள், அதற்குத்தானே கடை போட்டிருக்கிறோம்.

இப்போதே கேமராவைத் திறந்து 4:3 வைத்துவிடுங்கள். சில போனில் 3:4 என்று இருக்கும், ரெண்டும் ஒன்றுதான். ஸ்டேட்டஸுக்கு நீளமாக வேண்டுமா? எடுத்த பிறகு நறுக்கிக்கொள்ளுங்கள். குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்பவருக்கு வெளியே ஓர் ஆள் நிற்கிற இடம் விடுங்கள். விரலால் ஜூம் பண்ணாமல் இரண்டு எட்டு முன்னே போங்கள். ஸ்க்ரீன்ஷாட்டைப் பிரிண்டுக்குக் கொடுக்காதீர்கள், ஐயா, கும்பிட்டுக் கேட்கிறேன்.

அந்தப் படத்தை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். தம்பி ஏஐ-யில் தோள் வரவழைத்துக் காட்டினான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பெரியவரின் தோள் கொஞ்சம் இறங்கியிருக்குமாம், அவர் மனைவி பார்த்த உடனே "இது அவர் இல்லை" என்று சொல்லிவிட்டார். கடைசியில் முகத்தையும் கழுத்தையும் மட்டும் எடுத்து, சுற்றிலும் மங்கலாக்கி 8x10-இல் போட்டுக் கொடுத்தேன்.

உங்களிடம் அப்படி ஒரு படம் இருந்தால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாதீர்கள், படம் சுருங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள், இல்லை போனோடு கடைக்கு வாருங்கள். கேலரியில் அதே நிமிஷம் எடுத்த வேறு படம் கிடக்கிறதா என்று சேர்ந்து தேடிப் பார்ப்போம்.