லாரியின் முன்சக்கரத்தில் 3 மில்லிமீட்டர்

அனுபவப்பட்ட லாரி ஓட்டுநர் முன் டயரைப் பார்ப்பதோடு விடமாட்டார், குனிந்து உள்ளங்கையால் தடவியும் பார்ப்பார். வெளியிலிருந்து உள்பக்கமாகத் தடவினால் வழுவழுப்பு, உள்ளிருந்து வெளியே தடவினால் ரம்பப் பல் மாதிரி சுரசுரப்பு. அப்படியென்றால் டோ-இன் அதிகம்.

டோ-இன் என்பது இதுதான்: இரண்டு முன்சக்கரங்களுக்கும் நடுவே உள்ள தூரத்தை, சக்கரத்தின் மைய உயரத்தில், முன்புறமும் பின்புறமும் அளக்கிறோம். முன்புறம் சற்றுக் குறைவாக இருந்தால் டோ-இன். டயரின் விட்டம் சுமார் 1 மீட்டர், ஓடும்போதும் வித்தியாசம் 3 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்குப் பாதி. ஒவ்வொரு சக்கரமும் 1 மீட்டர் உருள்வதற்குள் 1.5 மி.மீ. உள்ளே போகப் பார்க்கும். அச்சு விடாது. ஆகவே அந்த தூரத்தை ரப்பர்தான் தேய்ந்து ஈடுகட்டுகிறது. சேலத்திலிருந்து சென்னைக்குச் சுமார் 340 கி.மீ. அதற்குள் ஒவ்வொரு டயரும் அரை கிலோமீட்டருக்கு மேல் பக்கவாட்டில் இழுபட்டிருக்கும்!

அப்படியானால் டோ-இன்னே எதற்கு? வண்டி முன்னே போகும்போது சாலையின் எதிர்ப்பு சக்கரங்களை, அவை திரும்பும் அச்சாணியான கிங் பின்னைச் சுற்றி வெளிப்பக்கம் விரிக்கப் பார்க்கும். மூட்டுகளில் உள்ள சின்ன இடைவெளி அதற்கு இடம் கொடுக்கும். நிற்கும்போது கொஞ்சம் உள்ளே வைத்தால், ஓடும்போது நேராகிவிடும்.

காரில் இரண்டு பக்கமும் தனித்தனி டை ராடு. லாரியில் முன்னச்சு ஒரே இரும்பு, இரு சக்கரங்களையும் இணைப்பது ஒரே டை ராடு. அதன் ஒரு முனையில் வலது மரை, மறுமுனையில் இடது மரை. நடுக்குழாயைத் திருகினால் நீளம் மாறும், டோவும் மாறும். ஸ்டீயரிங் கோணலாக நின்றால் டை ராடைத் தொடக் கூடாது. அதற்குத் தனியாக, ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க் இருக்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நல்ல டயர் பல வீணாகிறது.

சக்கரத்தின் பக்கச் சாய்வான கேம்பர், அச்சைச் செய்யும்போதே அமைந்துவிடுகிறது. அது தப்பினால் கிங் பின்னோ புஷ்ஷோ தேய்ந்திருக்கும், இல்லையென்றால் அச்சே வளைந்திருக்கும். சூடுகாட்டி நிமிர்த்துவது ஆபத்து, இரும்பின் பலம் போய்விடும். கிங் பின்னின் பின்சாய்வான காஸ்டரை மட்டும் பட்டை ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் இடையே ஆப்புத் தகடு வைத்து மாற்றலாம். திருப்பத்துக்குப் பிறகு ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவதற்கு அந்தச் சாய்வும் ஒரு காரணம்.

கிங் பின், டை ராடு முனை, வீல் பேரிங் ஆகியவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் எந்த அளவும் நிற்காது. சரி, எல்லாம் இறுக்கமாக இருக்கிறது, டை ராடையும் திருகியாகிவிட்டது. வண்டியைக் கொஞ்ச தூரம் முன்னே உருட்டி, அப்புறம் அளக்க வேண்டும். ஜாக்கியிலிருந்து இறக்கிய இடத்திலேயே அளந்தால், டயர் தரையில் முறுக்கிக்கொண்டு நிற்பதால் அளவு தப்பாக வரும்.