சாக்கில் வந்த மணலுக்கு எந்தக் கோணத்தை எழுதுவது?

போன வாரம் எங்கள் மண் பரிசோதனை லேபுக்கு மறுபடியும் ஓர் அரிசிச் சாக்கு வந்தது. உள்ளே கடலோர மணல், மேலே மார்க்கரில் 'ஃபை மட்டும் போதும்' என்று குறிப்பு. ஃபை என்றால் மணலின் உராய்வுக் கோணம், அதன் வலுவைச் சொல்லும் எண். எந்த ஆழத்து மணல், எஸ்.பி.டி. எண் (சைட்டில் குழாயை மண்ணில் இறக்க எத்தனை சுத்தியல் அடி என்ற கணக்கு) எவ்வளவு, தண்ணீர் எங்கே நிற்கிறது, ஒன்றும் இல்லை. போன் போட்டால், "மணல்தானே சார், எல்லாம் ஒன்றுதான்" என்கிறார்கள்.

ஒன்றில்லை. சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. அதே சாக்கிலிருந்து இரண்டு சாம்பிள் போட்டோம். மணலைக் குறுக்கே தள்ளி அறுக்கும் 60 மில்லிமீட்டர் ஷியர் பாக்ஸில் ஒன்றை மெதுவாகத் தூவினோம், இன்னொன்றை அடுக்கடுக்காக இடித்து இறுக்கினோம். தளர்ந்ததில், தள்ளும் விசையைக் காட்டும் ப்ரூவிங் ரிங் முள் சோம்பலாக ஏறி அப்படியே நின்றது. மணலின் உயரத்தைக் காட்டும் மேல் டயல் இறங்கிக்கொண்டே போனது. இறுகியதில் முள் விறுவிறுவென்று உச்சிக்குப் போய்ப் பின்வாங்கியது. டயல் துளி இறங்கிவிட்டு ஏற ஆரம்பித்தது. மணிகளுக்கு நகர இடமில்லை, ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன, மணல் உப்புகிறது. ஈரக் கடற்கரையில் கால் வைத்ததும் சுற்றிலும் சட்டென்று உலர்கிறதே, அதுவும் இதேதான். பிரிட்டிஷ் பொறியாளர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1885-லேயே எழுதிவிட்டார். முதல் சாம்பிளின் கோணம் 30 டிகிரியை ஒட்டி, இரண்டாவது 40-ஐ நெருங்கி. பெட்டி போதுமான தூரம் நகர்ந்தபின் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வந்துவிடும் என்பது வேறு கதை.

சைட்டில் மணல் பொலபொலவென்று கிடக்கும், டிசைனில் 40 உட்கார்ந்திருக்கும். அதில் தண்ணீரும் நிறைந்து, நிலமும் குலுங்கினால்? தளர்ந்த மணல் சுருங்கப் பார்க்கும், தண்ணீர் வெளியேற நேரமிருக்காது, பாரமெல்லாம் தண்ணீர்மேல், மணல் குழம்புபோல் ஆகிவிடும். 1964-இல் ஜப்பானின் நீகாட்டாவில் அடுக்குமாடிகள் உடையாமலேயே சாய்ந்து படுத்தன. 2001 பூஜ் நிலநடுக்கத்தில், பைல் (ஆழமாக இறக்கிய அடித்தளத் தூண்கள்) போட்டிருந்தும் காண்ட்லா துறைமுகக் கோபுரம் சாய்ந்தது.

எஸ்.பி.டி. எண் 10-க்குக் கீழே என்றால் தளர்ந்த மணல், அதை மறைக்காதீர்கள். நீர்மட்டத்தை மே மாதத்தில் பார்த்து எழுதாதீர்கள், ஐப்பசி மழைக்கு அப்புறம் பாருங்கள். எந்த அடர்த்தியில் டெஸ்ட் செய்தது என்று ரிப்போர்ட்டில் இல்லையா, திருப்பி அனுப்புங்கள், அது எங்கள் ரிப்போர்ட்டாகவே இருந்தாலும் சரி. மணலைக் கலையாமல் எடுத்து வருவது குதிரைக்கொம்பு, தெரியும். அதனால்தான் அந்த எஸ்.பி.டி. எண்ணைக் கேட்டு உயிரை வாங்குகிறோம்.

மீதி மணல் லேப் மூலையில் அப்படியே இருக்கிறது. தயவுசெய்து போர் லாகை (துளை போட்டபோது எந்த ஆழத்தில் என்ன இருந்தது என்ற பதிவை) அனுப்புங்கள். அதில் தெரியும் அடர்த்தியில் மறுபடி போட்டுத் தருகிறோம், காசு வேண்டாம்.