தட்டு டம்ளரைத் தனியா வைக்காதீங்க

போன வாரம் ஏஆர்டி சென்டருக்கு, அதாவது ஹெச்ஐவி இருக்கறவங்களுக்கு மாத்திரை குடுக்கற எங்க இடத்துக்கு, ஒரு அம்மா வந்தாங்க, நல்லா மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தவங்க, பல மாசமா நிறுத்திட்டு இப்ப டிபியோட மூச்சு வாங்க வாங்க வந்திருக்காங்க. ஏம்மா விட்டீங்கன்னு கேட்டா, மாத்திரை டப்பாவ நாத்தனார் பாத்துட்டாங்களாம். அன்னைலேந்து தட்டு தனி, டம்ளர் தனி, துவைக்கிற வாளி கூட தனி. அதுக்கு பயந்தே மாத்திரைய விட்டுட்டாங்க. இப்படி எத்தனை பேர பாக்கறது? நிஜமாவே கோவமா வருது.

எச்சில்ல ஹெச்ஐவி பரவாதுங்க. ஒரே தட்டுல பிசைஞ்சு சாப்பிட்டாலும் பரவாது, அவங்க குடிச்ச காபிய நீங்க குடிச்சாலும் பரவாது, ஒரே பாத்ரூம், ஒரே பாய், கொசுக்கடி, இருமல், தும்மல், புள்ளைய கொஞ்சி முத்தம் குடுக்கறது, எதுலயும் பரவாது. பாதுகாப்பில்லாத உடலுறவு, ரத்தம், ஒருத்தர் போட்ட ஊசி, தாய்கிட்டருந்து குழந்தைக்கு, வழி அவ்வளவுதான். மாத்திரைய ஒழுங்கா சாப்பிட்டு வைரல் லோடு, அதாவது ரத்தத்துல இருக்கற வைரஸ் அளவு, கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கி அப்படியே நின்னா உடலுறவுல கூட பரவாது, அப்புறம் டம்ளர்ல எங்கேந்து வரும்?

1986ல டாக்டர் சுனிதி சாலமன் டீம் சென்னைல இந்தியாவோட முதல் ஹெச்ஐவி கேஸ கண்டுபிடிச்சப்போ கைல மருந்தே இல்ல. பெத்தவங்கள பறிகொடுத்த பேரப்புள்ளைங்கள பாட்டிங்க கூலி வேலைக்குப் போய் வளத்த வீடுங்க நம்ம ஊர்லயே நிறைய. 2004லேந்து கவர்மெண்ட்ல மாத்திரை ஃப்ரீ. அப்படியும் 2023ல உலகம் முழுக்க 6 லட்சத்துக்கு மேல செத்திருக்காங்க, அதுல டிபிதான் பெரிய எமன்.

நம்ம ஸ்டாஃபுக்கும் ஒண்ணு சொல்லணும், கேஸ் ஷீட் மேல சிவப்பு பேனால ஹெச்ஐவின்னு பெருசா எழுதறத தயவுசெஞ்சு நிறுத்துங்க, வார்டே படிக்குது.

வீட்ல ஒதுக்கறது சட்டப்படியும் தப்பு. 2017 ஹெச்ஐவி சட்டம், வீட்ட விட்டு மட்டுமில்ல, வீட்ல ஒரு ரூம விட்டு கூட ஒதுக்கக் கூடாதுன்னு சொல்லுது.

கர்ப்பமா இருந்தா டெஸ்ட் எடுத்துடுங்க, பாசிட்டிவ்னா உடனே மாத்திரை ஆரம்பிச்சா குழந்தைய காப்பாத்திடலாம். காண்டம் யூஸ் பண்ணுங்க. காண்டம் கிழிஞ்சது, ஊசி குத்தினதுன்னு ஏதாவது ஆகிடுச்சுன்னா 72 மணி நேரத்துக்குள்ள தடுப்பு மாத்திரைக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்க, நெட்ல தேடிட்டு உக்காந்திருக்காதீங்க. சந்தேகம்னா 1097க்கு ஃபோன் போடுங்க, ஃப்ரீதான். மாத்திரைய பாதில விட்டவங்க, திட்டுவாங்களோன்னு பயப்படாம வாங்க, திரும்ப ஆரம்பிச்சுடலாம். கூட வர்ற வீட்டு ஆளுங்களுக்கு நாங்களே உக்கார வெச்சு புரிய வைக்கிறோம், கூட்டிட்டு மட்டும் வாங்க.